உங்கள் பட்டாவுக்குள் இருக்கும் கம்பெனிக் கணக்கு

பட்டா பெயரில் இருந்தால் நிலம் நம்முடையதுதான் என்று ஊரில் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். உரிமையியல் வழக்கு என்று வந்துவிட்டால் அந்தத் தெம்பு அதிக நாள் நிற்காது. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் வருவாய்க் கணக்குகள். அவற்றில் பெயர் ஏறியதால் உரிமை வந்துவிடாது, பெயர் விடுபட்டதால் உரிமை போய்விடவும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் எத்தனையோ தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. சரி, பத்திரம் இருக்கிறதே என்றால், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாவது ஆவணம் மட்டுமே. விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்தது என்று சார்பதிவாளர் எங்கும் உத்தரவாதம் கொடுப்பதில்லை. புலப்படம் எல்லையைக் காட்டும், ஆளைக் காட்டாது. மூன்று துறை, மூன்று தாள். மூன்றையும் அடுக்கி வைத்தாலும் "இது இன்னாருக்குச் சொந்தம், அதற்கு அரசு பொறுப்பு" என்று சொல்லும் வரி ஒன்றுகூட அவற்றில் கிடையாது.

இதை அதிகாரிகளின் அசட்டை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இந்தக் கணக்கை ஏற்படுத்திய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு நிலம் யாருடையது என்பது கேள்வியே இல்லை. இந்த வருஷம் இந்தத் துண்டுக்கு யார் பணம் கட்டுவார் என்பதே கேள்வி. அதற்கு இந்த ஏற்பாடு மிக நேர்த்தியாகப் பதில் சொன்னது. இருநூறு வருஷம் கழித்து அதே ஏட்டிடம் நாம் வேறு கேள்வி கேட்கிறோம், அது விழிக்கிறது.

கம்பெனிக்கு முன் இங்கே அளவையே இல்லை என்று நினைக்க வேண்டாம். முதலாம் இராசராசன் காலத்திலேயே சோழ நாட்டை அளந்து, முந்திரி, கீழ்முந்திரி வரை இறங்கும் பின்னங்களில், வேலி என்ற நில அளவின் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஒரு முந்திரி 320-இல் ஒரு பங்கு. ஃபசலி, ஜமாபந்தி, தாசில்தார், சிட்டா போன்றவை முகலாயர், நவாபு காலத்திலிருந்து வந்தவை. எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டுவது வரலாறு ஆகாது. அவர்கள் மாற்றியது வேறு ஒன்றை. அதுவரை ஒரே வயலின் மேல் பலருக்குப் பங்கு இருந்தது. மேல்வாரம் அரசுக்கோ கோயிலுக்கோ போனது, குடிவாரம் பயிரிட்டவருக்கு. களத்தில் நெல்லைத் தூற்றி அளக்கும்போதே தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியான், பாசனத் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்க்கட்டி என்று ஒவ்வொருவருக்கும் மரக்கால் கணக்கில் பங்கு பிரிந்தது. இதில் சமத்துவம் எதுவும் இல்லை, சாதிப் படிநிலை அப்படியே களத்தில் உட்கார்ந்திருந்தது. ஆனால் விளைச்சல் பாதியானால் மேல்வாரமும் பாதியானது. இந்த ஒரு குணம்தான் முதலில் பறிபோனது.

1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கம். அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் அங்கே அனுப்பப்பட்டார்கள். இடையில் ஜமீனோ குத்தகைதாரரோ இல்லாமல் ஒவ்வொரு குடியானவரிடமும் நேரே கணக்கு வைத்துக்கொள்வது என்ற ரயத்துவாரி முறை அங்கேதான் உருப்பெற்றது. வங்காளத்தில் 1793-இல் வந்த நிரந்தரத் தீர்வையை 1802-இல் சென்னை மாகாணத்துக்கும் கொண்டு வந்தார்கள். ராமநாதபுரமும் சிவகங்கையும் அப்படித்தான் ஜமீன்களாயின. மற்ற பகுதிகளில் கிராமத்தையே மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுப் பார்த்துவிட்டு, மன்றோ 1820-இல் ஆளுநராக வந்தபோது ரயத்துவாரியே கொள்கையாக நிலைத்தது. சென்னை அண்ணா சாலையில் குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

முறை எளிமையானது, தீர்வைதான் கொடியது. கடப்பை, பெல்லாரிப் பக்கம் மன்றோவே போட்ட கணக்குப்படி தீர்வை மொத்த விளைச்சலில் சுமார் 45 விழுக்காடு. அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று பிற்பாடு அவரே எழுதினார். குறைந்தாலும் கட்ட வேண்டியது ரொக்கம், விளைச்சல் பொய்த்தாலும் தொகை மாறாது. 1820-களின் பிற்பகுதியிலிருந்து தானிய விலை விழுந்து கால் நூற்றாண்டு போல எழாமலே கிடந்தது. அதே ரூபாயைக் கட்ட அதிக மூட்டை நெல் விற்க வேண்டியிருந்தது. காவல் அதிகாரமும் வசூல் அதிகாரமும் 1816 முதல் ஒரே கையில் இருந்ததால், கட்டாதவரை என்ன செய்தார்கள் என்று கேட்க நாதியில்லை. 1855-இல் வந்த சித்திரவதை விசாரணை ஆணையத்தின் அறிக்கை அதைப் பெயர் சொல்லிப் பதிவு செய்தது. கிட்டி என்பது இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெருக்குவது. அனந்தாள் என்பது ஆளைக் குனிய வைத்து, நிமிர முடியாதபடி கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1859-இல் காவல் துறையைத் தனியே பிரித்தார்கள்.

அடுத்து வந்தது விஞ்ஞானபூர்வமான காலம். நம் ஆவணங்களின் உருவம் அப்போது அமைந்ததுதான்.

1858-இல் நில அளவைக்கென்று துறை ஏற்பட்டது. கிராம எல்லையைத் தியோடலைட் வைத்து அளந்தார்கள். உள்ளே இருந்த வயல்களைச் சங்கிலி போட்டு அளந்தார்கள். அந்தச் சங்கிலி கண்டர் சங்கிலி: 66 அடி நீளம், 100 லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம், அதாவது 20.1168 சென்டிமீட்டர். இந்த வினோத நீளத்துக்குக் காரணம் உண்டு. பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர், ஒரு லட்சம் சதுர லிங்க். புள்ளியை நகர்த்தினாலே ஏக்கர் வந்துவிடும், களத்தில் கணக்குப் போடுவது சுலபம். ஏக்கரை நூறாகப் பிரித்த சென்ட்டும் இந்தக் கணக்கில் வசதியாக உட்கார்ந்தது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று இன்று மனை வாங்குபவர் எல்லோருக்கும் தெரியும், அது அந்த 66 அடியிலிருந்து பிறந்தது. டெல்டா பக்கத்தில் மா, வேலி இன்னும் பேச்சில் இருக்கிறது (மா சுமார் 33 சென்ட், வேலி அதைப்போல் இருபது மடங்கு), பத்திரத்தில் மட்டும் ஏக்கர் ஏறியது.

எஃப்.எம்.பி. என்ற புலப்பட நகலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வயலின் ஓரங்களைத் தவிர உள்ளே குறுக்கே சில கோடுகள் ஓடும். சர்வேயர்கள் ஜி லைன் என்பார்கள். அவை வயலை முக்கோணங்களாக வெட்டுகின்றன. மூன்று பக்க நீளம் தெரிந்தால் முக்கோணம் ஒரே ஒரு வடிவத்தில்தான் அமையும், கோணம் அளக்கத் தேவையில்லை. வரப்பு வளைந்து போகும் இடங்களில் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக ஆப்செட் எடுத்து எழுதியிருப்பார்கள். சங்கிலி பிடிக்க இரண்டு ஆள், ஒரு குறுக்குக்கட்டை, ஒரு நோட்டு போதும். லட்சக்கணக்கான வயல்களைக் குறைந்த கூலியில் அளந்து முடிக்க இதைவிடத் தோதான வழி அன்று இல்லை.

காணாமல் போன கல்லை மறுபடி நடுவதற்கும் இதே தர்க்கம்தான். படத்தில் உள்ள இரண்டு கற்களை முதலில் தரையில் கண்டுபிடிக்க வேண்டும். அவற்றின் இடைவெளி படத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டிலிருந்தும் படம் சொல்லும் நீளத்தை இழுத்து, வெட்டும் இடத்தில் மூன்றாவது கல். பெரும்பாலான அளவைத் தகராறு இங்கேதான் பிறக்கிறது. இரண்டில் ஒரு கல்லை யாரோ எப்போதோ நகர்த்தியிருந்தால் புதுக் கல்லும் நகர்ந்தே விழும். ஆகவே சர்வேயர் வரும்போது பக்கத்துப் புல எண்ணின் மூன்றாவது கல் ஒன்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். வழியிருந்தால் மூன்று கிராமம் சந்திக்கும் முச்சந்திக் கல்லிலிருந்து வரச் சொல்லுங்கள், அதை நகர்த்தும் துணிச்சல் அவ்வளவு எளிதில் வராது. பழைய படங்களில் நீளம் லிங்க்கில் இருக்கும். 245 என்று போட்டிருந்தால் 161.7 அடி, மீட்டரில் 49.29. புதுப் படங்களில் மீட்டர். இரண்டையும் குழப்பி வரப்பை வெட்டிய கதைகள் உண்டு.

சங்கிலியும் லேசுப்பட்டதில்லை. வளையங்கள் தேய்ந்தால் அது நீளும். நீண்ட சங்கிலி நிலத்தைக் குறைத்துக் காட்டும். ஒரு லிங்க் அளவு நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து ஏக்கர் வயல் கணக்கில் 4 ஏக்கர் 90 சென்ட்டாகத்தான் வரும். மகாராணி காலத்துப் பத்து சென்ட் வித்தியாசத்துக்குப் பேரன்கள் ஒருவரையொருவர் திருடன் என்று திட்டிக்கொண்டிருப்பார்கள், இருவரும் எதையும் திருடியிருக்க மாட்டார்கள்.

அளந்த பிறகு தீர்வை. கிராமத்து நிலங்களின் அடிப்படைக் கணக்கான 'அ' பதிவேட்டின் நகலை இணையத்தில் எடுத்தால் "மண் வயனமும் ரகமும்", "மண் தரம்", "தீர்வை வீதம்" என்று மூன்று வரிகள் வரும். யாரும் படிப்பதில்லை. வயனம் மண்ணின் இனம்: கரிசலா, செம்மண்ணா, மணலா, அதில் களி எவ்வளவு என்பது. ரகம் அந்த இனத்துக்குள் நல்லதா கெட்டதா என்ற வரிசை. இரண்டையும் வைத்து, பாசன வசதி எப்படி, சந்தை எவ்வளவு தூரம் என்று பார்த்துத் தரம் என்ற எண்ணைப் போட்டார்கள். அந்தத் தரத்து நிலத்தில் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு தானியம் விளையும் என்று அறுத்துப் பார்த்தார்கள். பஞ்ச ஆண்டுகளைத் தள்ளிவிட்டு இருபது வருஷ விலைச் சராசரியால் அதைப் பணமாக்கினார்கள். வண்டிக்கூலிக்கும் வியாபாரியின் லாபத்துக்கும் கொஞ்சம், மழை பொய்க்கும் வருஷத்துக்குக் கொஞ்சம், சாகுபடிச் செலவுக்குக் கொஞ்சம் கழித்தார்கள். மீதியில் பாதி சர்க்காருக்கு. 1864-இல் லண்டனிலிருந்து வந்த உத்தரவு அந்தப் பாதியை விதியாக்கியது. முப்பது வருஷத்துக்கு ஒருமுறை மறு தீர்வை. குடியானவரின் உழைப்புக்கும் அவர் வீட்டாரின் உழைப்புக்கும் இந்தக் கணக்கில் என்ன விலை போட்டார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. குறைத்துப் போட்டால் நிகர லாபம் பெருகும், பாதியும் பெருகும். இன்று தீர்வை பெயருக்குத்தான் இருக்கிறது, ஒரு டீ காசுக்குக்கூடப் பெறாத தொகை. ஆனால் அந்த மண் தரம் இன்னும் உங்கள் பெயருக்கு மேலே அச்சாகி வருகிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். ஒரு நிலத்தின் கதையைப் பின்னோக்கிப் படிக்க வேண்டுமானால் இந்த வரிசையில் போவது நல்லது. முதலில் இன்றைய பட்டா, 'அ' பதிவேடு. அதில் பழைய புல உட்பிரிவு எண் என்றொரு வரி இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 1980-களுக்கு முந்தைய 'அ' பதிவேடு. இது இணையத்தில் கிடைக்காது. வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஆட்சியர் அலுவலக ஆவணக் காப்பறையிலோ நகலுக்கு மனுப் போட வேண்டும், இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதற்கும் முன்னால் மறு நிலவரித் திட்டப் பதிவேடு. ஜமீன், இனாம் ஊர்களாக இருந்தால் வழி வேறு. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1963-இன் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தபோதுதான் அங்கெல்லாம் ரயத்துவாரிப் பட்டா கொடுத்தார்கள். எனவே எஸ்.எல்.ஆர். என்ற நிலவரித் திட்டப் பதிவேடே அங்கே அடிப்படை. இன்னும் பழைய பத்திரங்களில் சர்வே எண்ணே இருக்காது, அதற்கு முந்தைய அளவையில் கொடுத்த பைமாஷ் எண் இருக்கும். அதற்கு ஒப்பீட்டுப் பட்டியல் வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் நான்கு எல்லைகளைப் படித்துத்தான் இடம் பிடிக்க முடியும். மாகாண அளவிலான ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

வில்லங்கச் சான்றில் ஒரு பொறி உண்டு. தேடல் சர்வே எண்ணை வைத்து நடக்கிறது. இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் 1975-க்குப் பிறகானது. நீங்கள் 112/3ஏ1 என்று தேடினால், 112/3 என்று மட்டும் எழுதிய 1978-ஆம் ஆண்டின் கிரயம் கண்ணில் படாமல் போகலாம். உட்பிரிவு ஒவ்வொன்றாக மேலே ஏறி, 112 முழுவதற்கும் போட்டுப் பாருங்கள். பக்கம் பெருகும், பரவாயில்லை.

பரப்பைப் படிப்பதிலும் இடறுகிறார்கள். பட்டாவில் 0 - 42.50 என்றிருந்தால் 42.5 சென்ட் அல்ல. ஹெக்டேர் சுழியம், ஏர்ஸ் 42.5. ஒரு ஏர்ஸ் நூறு சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஆக நிலம் 1 ஏக்கர் 5 சென்ட். மெட்ரிக்குக்கு மாற்றியபோது கிராமங்களில் பெரும்பாலும் அரை ஏர்ஸ் அளவுக்கு முழுமையாக்கி எழுதினார்கள். அரை ஏர்ஸ் 538 சதுர அடி. தோட்டத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. அதே நிலம் இன்று மனைப்பிரிவானால் ஒரு அறையும் கூடமும் அளவுக்குத் தகராறு.

அந்த மாற்றம் நடந்தது யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில். நடந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர்த் தலைவர்) பதவிகளை அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது, பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஒழித்தது சரி என்பதே என் கருத்து. ஒரு குடும்பம் ஊர்க் கணக்கையே தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்த அதிகாரத்துக்கு முடிவு கட்ட வேண்டியிருந்தது. ஆனால் கணக்கில் எழுதாமல் கர்ணத்தின் தலைக்குள் இருந்த விவரம் எல்லாம் கூடவே போய்விட்டது. யாருடைய பங்கு எது, யார் யாருக்கு வாய்மொழியாக விட்டுக்கொடுத்தார் என்பது தெரியாத ஆட்கள் புதுக் கணக்கை எழுதினார்கள். விளைவு: கூட்டுப்பட்டாவில் ஒருவர் பெயர் மட்டும், பக்கத்து உட்பிரிவோடு இடம் மாறிய பரப்பு, ஆள் அகப்படாத நிலம் அனாதீனம் என்று அரசுக் கணக்கில். திருத்தம் கேட்டால் பழைய 'அ' பதிவேடு, மூலப் பத்திரம், தொடர்ந்து அனுபவம் இருப்பதற்கான ரசீதுகள் மூன்றையும் சேர்த்து வைத்துக் கேளுங்கள். எழுத்துப் பிழை வட்டாட்சியர் மட்டத்தில் தீரலாம். பட்டா உத்தரவின் மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அவருக்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. எதிர்த்தரப்பு "நிலமே என்னுடையது" என்று சொல்லிவிட்டால் இவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தில் கைகழுவிவிடுவார்கள்: உரிமையியல் நீதிமன்றத்தை நாடவும்.

காசு தராத நிலத்துக்கு இந்தக் கணக்கில் என்ன இடம் என்று பார்த்தால்தான் இதன் முழு முகம் தெரியும். தீர்வை விதிக்காத எல்லாம் புறம்போக்கு: மேய்க்கால், வண்டிப்பாதை, களம், மயானம், ஓடை, ஏரி. பயிரிடத் தகும், ஆனால் யாரும் எடுக்கவில்லை என்றால் தீர்வை ஏற்பட்ட தரிசு. மற்றது தீர்வை ஏற்படாத தரிசு. ஊர் முழுக்க ஆடுமாடு மேய்த்த இடம் ஏட்டில் வருமானமில்லாத அரசு நிலமாயிற்று. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் தனியாருக்குரியது என்று காட்டப்படாத சாலை, ஆறு, ஏரி, தரிசு எல்லாம் அரசுச் சொத்து என்று விளம்பியது. இன்றும் அதே சட்டம்தான். பி மெமோ என்று வரும் நோட்டீஸ் அதன் கீழ்தான் வருகிறது. ஏரியை வளைத்த கட்டடத்துக்கும், மூன்று தலைமுறையாகக் குடிசை போட்டிருக்கும் குடும்பத்துக்கும் அதே படிவம்.

கிராம நத்தம் மட்டும் தப்பியது. குடியிருப்புக்குத் தீர்வை இல்லை என்பதால் கணக்கிலேயே எழுதாமல் விட்டார்கள். வீட்டுக்காரர்களிடமிருந்து அது அரசுக்கு மாறவில்லை என்று நீதிமன்றங்களும் சொல்கின்றன. அளந்து எழுதியது பிற்பாடுதான், அப்போது முதலில் தோராயப் பட்டாவும் பிறகு தூய பட்டாவும் கொடுத்தார்கள். தோராயத்தோடு நின்றுபோன வீடுகளுக்கு வங்கிக் கடன் வாங்குவது இன்றும் பெரும்பாடு.

மலைகளில் நிலைமை இதைவிட மோசம். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தில் 4-ஆவது பிரிவின் கீழ் காப்புக்காடு ஆக்கப்போவதாக அறிவித்து, உரிமைகளை விசாரித்து, 16-ஆவது பிரிவின் கீழ் இறுதி அறிவிப்பு வெளியிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே பல பத்தாண்டுகள் தொங்கும் நிலங்கள் உண்டு. அங்கே வாழ்பவருக்குப் பட்டாவும் கிடைக்காது, உரிமை மறுக்கப்பட்டது என்ற உத்தரவும் கிடைக்காது.

தரிசு நிலத்தை யாருக்குக் கொடுப்பது என்ற விதியில்தான் சாதி ஏட்டுக்குள் நுழைந்தது. செங்கல்பட்டில் ஒரு தரிசைப் பயிரிடக் கேட்டுத் தர்காஸ்து என்ற மனுவைப் போட்டால், முதலில் அந்த ஊர் மிராசுதாரிடம் "வேண்டுமா" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று எந்த மிராசுதார் சொல்வார்? பண்ணையாள் சொந்த நிலம் பெற்றால் இவர் வயலில் யார் இறங்குவது? 1891-இல் அங்கே பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் இதை வெளிச்சம் போட்டுக் காட்டினார். 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த 1010-ஆம் எண் அரசாணையில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் பிறந்தன. பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் வரை கொடுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் பெரும்பங்கு கை மாறிவிட்டது. 1994-இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவர் உயிரிழந்தார்கள்.

கை மாறியது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். நிபந்தனை பழைய பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் ஒரு சிறு சொல்லாக இருந்தது, பல இடங்களில் டி.சி. என்ற இரண்டெழுத்து (ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). புது ஏட்டுக்குப் பெயர்த்து எழுதும்போது பெயரும் பரப்பும் தீர்வையும் தவறாமல் வந்தன, குறிப்பு வரவில்லை. வசூலுக்குத் தேவையில்லாத பத்தி அல்லவா அது! ஆகவே நிலம் வாங்குபவர் 'அ' பதிவேட்டின் இன்றைய நகலில் குறிப்பு காலியாக இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். யு.டி.ஆருக்கு முந்தைய நகலைப் பாருங்கள். நிபந்தனை மீறிய மாற்றம் என்று தெரிந்தால் எத்தனை கை மாறியிருந்தாலும் அரசு திரும்ப எடுக்கலாம், கொடுத்த பணத்துக்கு விற்றவர் பின்னால்தான் அலைய வேண்டும்.

ஏரிக்கும் இதே கதி. நஞ்சைத் தீர்வையில் தண்ணீரின் விலையும் அடக்கம். அப்படியானால் பராமரிப்பு சர்க்கார் பொறுப்பு என்று குடியானவர் நினைத்தார். குடிமராமத்து ஊர்ப் பொறுப்பு என்று சர்க்கார் நினைத்தது. 1858-இன் முதல் சட்டமே கட்டாய உழைப்புச் சட்டம்: கரை உடைந்தால் ஊரார் வந்து மண் போட வேண்டும், வராதவரிடம் கூலிக்கு மேல் தண்டம் வசூலிக்கலாம். சட்டம் போட்டும் ஆள் வரவில்லை. களத்தில் நீர்க்கட்டிக்கு நெல் பங்கு இருந்தபோது மதகு திறந்தது. அந்தப் பங்கை ரொக்கத் தீர்வை விழுங்கிய பிறகு யார் இரவில் மதகுக்குக் காவல் இருப்பார்? இன்று நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு. வரத்து வாய்க்கால் ஒரு கையில், ஏரி இன்னொரு கையில். தூர் வாரிய ஏரிக்குத் தண்ணீர் வராத காரணத்தைப் பெரும்பாலும் இங்கே தேடினால் போதும்.

தீர்வைக்குப் பொறுப்பாக ஒரு ஆள் போதும் என்ற ஏற்பாடு வீட்டுக்குள்ளும் வேலை செய்தது. குடும்பத்து மூத்த ஆணின் பெயர் ஏறியது, மற்றவர்கள் 'வகையறா' ஆனார்கள். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் 1989 முதல், அப்போது மணமாகியிராத மகளுக்கும், 2005 முதல் எல்லா மகள்களுக்கும் பரம்பரைச் சொத்தில் பிறப்பால் உரிமை உண்டு. பட்டா மாறுதலின்போது அண்ணன் தம்பிகள் மட்டும் மனுப் போட்டால் அவள் பெயர் விடுபடுவது இன்றும் சர்வசாதாரணம். உரிமை போகாது, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவள் அவளாகிவிடுகிறாள். வாரிசுச் சான்றில் உள்ள எல்லாப் பெயரும் பட்டாவில் ஏறியதா என்று உத்தரவு வந்த வாரத்திலேயே சரிபார்த்துக்கொள்வது, பத்து வருஷம் கழித்து வழக்குப் போடுவதைவிட மேல்.

இதே பிரிட்டிஷார் வேறு மாதிரி செய்யத் தெரியாதவர்கள் அல்ல. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவரின் முறை வந்தது: அரசுப் பதிவேட்டில் பெயர் இருந்தால் அதுவே உரிமை. அங்கே பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்தைக் குடியேறிய வெள்ளையர் தங்களுக்குள் வாங்கி விற்க வேண்டியிருந்தது, அதற்கு உறுதியான உரிமை தேவைப்பட்டது. இங்கே வேண்டியது வசூல் மட்டும். சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை பிறந்ததும் அதே 1858-தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு மாற்ற முயற்சிகள் நடக்காமல் இல்லை. அரசே உத்தரவாதம் தரும் உரிமைப் பதிவை இலக்காகச் சொல்லி 2008-இல் மத்திய அரசு நில ஆவண நவீனமயத் திட்டம் தொடங்கியது. கணினியில் ஏறியது அதே பழைய ஏடு. ஆந்திரம் 2022-இல் உரிமைப் பதிவுக்கெனச் சட்டமே கொண்டு வந்து, தேர்தலில் அது பெரும் சர்ச்சையாகி, 2024-இல் ரத்து செய்தது. சர்க்கார் ஏட்டில் எழுதியதே இறுதி என்றால் அந்த ஏட்டை எழுதுபவர் யார் என்ற பயம் ஜனங்களுக்கு நியாயமாகவே இருக்கிறது.

ஆகவே இருக்கும் ஏட்டைச் சரியாக வைத்துக்கொள்வதே இப்போதைக்கு வழி. அதற்கு ஜமாபந்தியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஃபசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. நடப்பு ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் ஜூலைக்குப் பிந்தைய ஃபசலி கிடைக்கும், ஜனவரி முதல் ஜூன் வரையானால் 591. கணக்கு முடியும் தறுவாயில், வழக்கமாக மே, ஜூன் மாதங்களில், ஆட்சியரோ அவர் நியமிக்கும் அதிகாரியோ வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார். நில அளவைச் சங்கிலியையும் அங்கே விரித்துச் சரிபார்ப்பார்கள். உங்கள் கிராமத்துக்கு எந்த நாள் என்பது முன்கூட்டியே அறிவிப்பில் வரும். பெயர்ப் பிழை, விடுபட்ட வாரிசு, உட்பிரிவு, பரப்பு வித்தியாசம் இவற்றுக்கு மனு கொடுங்கள், பழைய 'அ' பதிவேட்டின் நகலை இணையுங்கள், மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள். எல்லைத் தகராறை அங்கே கொண்டுபோய் நாளை வீணாக்க வேண்டாம். அதற்கு அளவைக்குப் பணம் கட்டி, 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி உத்தரவு வாங்க வேண்டும். அந்த உத்தரவு தவறு என்றால் மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதைத் தாண்டினால் படத்தில் விழுந்த கோடுதான் எல்லை.